முன்வாசல் மேப்பிளும் பின்வளவுக் கன்றும்

நீங்கள் கேட்டது இதுதான். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பழைய பங்களோ ஒன்றை வாங்கி இந்த வருடம் குடிவந்திருக்கிறீர்கள். முன்வாசலில் பெரிய மேப்பிள் ஒன்று நிற்கிறது. அதன் இலையெல்லாம் கறுப்புப் பொட்டு, அடியில் புல் வருவதில்லை, வேர் டிரைவ்வே பக்கம் தலைகாட்டுகிறது. பின்வளவில், முன்பு இருந்தவர்கள் மரக்கறி போட்ட பாத்தியில், ‘ஒட்டம் பிளேஸ்’ என்று அட்டை கட்டிய மேப்பிள் கன்றை ஜூனில் நட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வருடம் முழுக்க எப்படிப் பார்ப்பது, பெரியதைத் தறித்துவிடலாமா?

தறிக்கிற கதை கடைசியில். முதலில் பெரிய மரத்தில் ஓர் இலையைக் காம்போடு பறித்து, காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது நோர்வே மேப்பிள். தெளிந்த நீர்தான் கசிகிறது என்றால் வேறு இனம்: இலையின் ஓரம் மழமழவென்று இருந்தால் சர்க்கரை மேப்பிள், ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் இருந்தால் சிவப்பு மேப்பிள், மிக ஆழமாக வெட்டுப்பட்டு அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னினால் வெள்ளி மேப்பிள். விதையைப் பார்த்தும் சொல்லலாம். நோர்வேயின் இரண்டு இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விரிந்திருக்கும்; சர்க்கரை மேப்பிளில் அவை கீழ்நோக்கி வளைந்து நெருங்கி நிற்கும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து, உங்களுடையது நோர்வேதான் என்று நினைக்கிறேன். இதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. கனடாவின் பிளாஸ்டிக் 20 டொலர் நோட்டு வந்த புதிதில், அதிலிருக்கும் இலை நோர்வே மேப்பிளுடையது என்று 2013இல் தாவரவியலாளர்கள் சிலர் குரல் எழுப்பினார்கள். பல இனங்களின் சாயலைச் சேர்த்து வரைந்த பொது இலை அது என்று மத்திய வங்கி பதில் சொன்னது. எனக்கென்னவோ தாவரவியலாளர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

நோர்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரொறன்ரோவின் பழைய தெருக்களில் அது இத்தனை நிற்பதற்குக் காரணம், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச் எல்ம் நோய் வந்து தெருவோர எல்ம் மரங்களை அழித்ததுதான். வெறுமையான இடத்தை விரைவாக நிரப்ப ஒரு மரம் வேண்டியிருந்தது. உப்பு, புகை, இறுகிய களிமண் எல்லாவற்றையும் தாங்கி நோர்வே வளர்ந்தது. அந்தக் குணமே இன்று வினையாகிவிட்டது. அடர்ந்த நிழலும் மேலோட்டமான வேரும் சேர்ந்து கீழே வேறு எதையும் வரவிடாது. விதை காற்றில் போய் நகரத்தின் பள்ளத்தாக்குக் காடுகளில் முளைத்து, உள்ளூர் மரக் கன்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, அடியில் புல் வராததற்கு உங்கள் கைராசி காரணமில்லை.

கறுப்புப் பொட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தார்ப்பொட்டு என்கிற பூஞ்சை நோய். கோடை தொடக்கத்தில் வெளிர்மஞ்சள் புள்ளியாக வந்து, ஆகஸ்ட்டில் தார் சொட்டியதுபோலக் கறுக்கும். பார்க்க அசிங்கமே தவிர மரத்துக்குப் பெரிய கேடில்லை. விழுந்த இலையில்தான் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கிறது; வசந்தத்தில் அங்கிருந்து வித்துகள் எழும்பிப் புது இலையில் ஒட்டும். அதனால் பொட்டு விழுந்த இலைகளை வீட்டு உரக்குழியில் போடாமல், காகிதப் பையில் கட்டி நகரசபை எடுக்கும் நாளில் வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டாவிட்டால் அடுத்த வருடமும் கொஞ்சம் வரத்தான் செய்யும். வெள்ளி மேப்பிள் இலைகளில் சிவப்புக் குருபோல முளைப்பதும் இதே கதைதான். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் வேலை, மரம் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மருந்தடிக்கத் தோன்றினால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிமருந்தும் களைமருந்தும் அடிப்பதை 2009 ஏப்ரலில் தடைசெய்துவிட்டார்கள்.

ஆட்கள் மேப்பிளின் இலையைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். மரம் சாவதென்னவோ பெரும்பாலும் அடியில் நடக்கிற காரியத்தால், அதுவும் நம் கையால். ஒருநாள் மரத்தடியில் குந்தியிருந்து பாருங்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று, வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தந்திக் கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால், ஒன்று மண்ணோ மல்ச்சோ (மண்ணை மூடப் போடும் மரச்சீவல்) அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, அல்லது ஒரு வேர் அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறது. நோர்வேயில் இப்படிக் கழுத்தைச் சுற்றும் வேர் மிகச் சாதாரணம். மரமும் வேரும் சேர்ந்து பருக்கும்போது, ஒருகட்டத்தில் அந்தப் பக்கத்துக் கிளைகளுக்கு நீர் போவது குறையும். ஒரு பக்கத்து உச்சி மட்டும் ஆகஸ்ட்டிலேயே நிறம் மாறினால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். விரல் தடிப்பு வேர் என்றால் நீங்களே வெட்டி எடுக்கலாம். கை தடிப்புக்கு மேல் போனதைத் தொடாதீர்கள், அது மர வைத்தியரின் வேலை.

மல்ச் போடும்போது அடிமரத்தைச் சுற்றிக் கறையான் புற்றுப்போலக் குவிக்கிற வழக்கம் இந்த ஊரில் எங்கும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தோட்டவேலை செய்கிறவர்களே அப்படித்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். பட்டை ஈரத்திலேயே கிடந்து உக்கும், எலி கூடு கட்டும், புது வேர்கள் மல்ச்சுக்குள்ளேயே ஓடிச் சுற்றும். மரச்சீவல் 5 முதல் 10 செ.மீ. உயரம் போதும். அகலம் எவ்வளவு கூடினாலும் நல்லது. அடிமரத்திலிருந்து ஒரு கை அகலம் வெறுமையாக இருக்கட்டும்.

உங்கள் புல் பிரச்சினைக்கும் விடை இதுதான். புல்விதையில் காசைக் கொட்டுவதை விட்டுவிட்டு, மரத்தடியில் பெரிய வட்டமாக மல்ச் போடுங்கள். மண் கொட்டி உயர்த்திப் பூப்பாத்தி கட்டிவிடாதீர்கள். மேப்பிளின் உணவு வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேல் அரை மீற்றருக்குள் இருக்கின்றன, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரந்திருக்கின்றன. மேலே மண்ணைக் கொட்டினால் அவற்றுக்குக் காற்று போகாது. அந்தப் பாதிப்பு சில வருடம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், யாரும் மண்ணைக் குற்றம் சொல்லமாட்டார்கள். டிரைவ்வேயை அகலமாக்கிக் கல் பதிக்கும் எண்ணம் இருந்தாலும் இதே எச்சரிக்கை. ஒரு பக்கத்து வேரை மொத்தமாக வெட்டினால் மரம் நீரையும் இழக்கும், பிடிமானத்தையும் இழக்கும். அடுத்த பெருங்காற்றில் அது எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. இலையுதிர் காலத்தில் உங்களுக்கு முக்கியமான வேலை பின்வளவுக் கன்றுக்குத் தண்ணீர் விடுவது. குளிர் தொடங்கியதும் குழாயை மூடிவிடுகிறார்கள் எல்லாரும். இலை உதிர்ந்த பிறகும் வேர் வேலை செய்துகொண்டிருக்கும், மண் உறையும்வரை. மழை பெய்யாத கிழமைகளில் இரண்டு மூன்று வாளித் தண்ணீரை மெதுவாக, வேர்க்கட்டி நனையும்படி விடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்: ஆழத்தில் ஈரம் இருந்தால் தேவையில்லை. எங்கள் களிமண் சேற்றைப்போல நீரைப் பிடித்து வைக்கும், தினமும் ஊற்றினால் வேர் அழுகும். உரம் இந்த வருடம் வேண்டவே வேண்டாம். பிந்திய கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உரம் போட்டுக் கிளப்பிய இளந்தளிர் முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

நோர்வே மற்ற மேப்பிள்களுக்குப் பிறகுதான் நிறம் மாறும். தெருவெல்லாம் சிவந்து உதிர்ந்த பிறகும் நவம்பரில் பச்சையாக நிற்கும், பிறகு மஞ்சளாகிக் கொட்டும். சிவப்பு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. உங்கள் ஒட்டம் பிளேஸ்தான் சிவக்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக ஒரு கிழமை கிடைத்தால், இலையில் சேரும் சர்க்கரையிலிருந்து அந்தச் செந்நிறம் உருவாகும். நோயில்லாத இலைகளைக் கூட்டி அள்ள வேண்டியதுமில்லை. காய்ந்திருக்கும்போது புல்வெட்டியை இரண்டுதரம் மேலால் ஓட்டினால் தூளாகிப் புல்லுக்கே பசளையாகும். நனைந்து பாய்போலப் படிந்த இலையை மட்டும் விடாதீர்கள், கீழே இருக்கும் புல் செத்துவிடும்.

நவம்பரில் கன்றின் அடிமரத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள் ஒன்றைச் சுற்றுங்கள். இளம் மேப்பிளின் பட்டை மெல்லியது. பெப்ரவரியில் தென்மேற்கு வெயில் பட்டையைச் சூடாக்க, சூரியன் மறைந்ததும் அது திடீரென்று உறைய, பட்டை நெடுக்காக வெடிக்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும், அதோடு முயலின் பல்லுக்கும் தடை. ஸ்காபரோ முயல்களுக்கு ஸ்னோ ஏணி மாதிரி உதவும். பனி உயர உயர அவையும் மேலே எட்டிக் கடிக்கும். அதனால் பாதுகாப்பு பனிமட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். பட்டையைச் சுற்றிவர ஒரு வளையமாகக் கடித்துவிட்டால் அந்தக் கன்று பிழைக்காது. ஏப்ரலில் சுருளைக் கழற்ற மறக்காதீர்கள்.

உப்புதான் குளிர்காலத்தின் மற்ற எதிரி. நோர்வே ஓரளவு தாங்கும். சர்க்கரை மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் தாங்காது. டிரைவ்வேயில் உப்புப் போட்டு, பிறகு அந்தப் பனியை வாரி மரத்தடியில் கொட்டுகிறோமே, அது கூடாது. மணல் தூவினாலே காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். முன்பக்கம் உப்பு தவிர்க்க முடியாது என்றால், ஏப்ரலில் மண் இளகியதும் நிறையத் தண்ணீர் விட்டு அதைக் கழுவி இறக்குங்கள்.

உறைமழை பெய்து கொப்பெல்லாம் கண்ணாடியாகி வளைந்து நின்றால் தட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். தட்டாதீர்கள். உறைந்த கொப்பு அதற்கு மேல் வளையாது, முறியும். தானாக உருகட்டும். மெத்தென்ற பனி என்றால் விளக்குமாற்றால் கீழிருந்து மேலாகத் தட்டலாம். 2013 டிசம்பர் பனிப்புயலை நேரில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் வீடு, கடைகளுக்கு மின்சாரம் போனது. கம்பிமேல் விழுந்தவை பெரும்பாலும் மரக்கொப்புகள்தான்.

எந்தக் கொப்பு முறியும் என்பது அதற்குப் பல வருடம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கிளை வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அதுவே காரணம். உங்கள் ஒட்டம் பிளேஸ் சிவப்பு மேப்பிளுக்கும் வெள்ளி மேப்பிளுக்கும் பிறந்த கலப்பு. வேகமாக வளரும், ஆனால் உச்சியில் இரண்டு மூன்று தலைகளாகக் கவட்டை விடும் பழக்கம் அதற்கு உண்டு. ஒடுங்கிய V வடிவக் கவட்டையில் இரண்டு பட்டையும் உள்ளே மடிந்துபோய் மரம் மரத்தோடு ஒட்டாமல் இருக்கும். சின்னதில் அது ஒரு கத்தரிவெட்டு. 20 வருடம் கழித்து அதே கவட்டை பிளந்தால் பாதி மரம் போகும். நட்டு இரண்டு மூன்று வருடம் போனதும் ஒரு தலையைத் தலைவனாக வைத்து, போட்டிக்கு வரும் மற்றதைக் குட்டையாக்குங்கள்.

வெட்ட நல்ல நேரம் மரம் இலையில்லாமல் உறங்கும் காலம், இல்லாவிட்டால் இலை முற்றிய நடுக்கோடை. இலை விரியும் நேரமும் உதிரும் நேரமும் வேண்டாம். பெப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சொட்டுச்சொட்டாக நீர் வடியும். மரம் அழுகிறது என்று கவலையோடு கேட்பார்கள். அதனால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, கீழே நிற்கும் கார்தான் பிசுபிசுக்கும். பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கமாகப் பாதி வெட்டு, அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை விழுத்துங்கள், கடைசியாக மிஞ்சிய கட்டையை எடுங்கள். நேரே மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். கடைசி வெட்டு, கிளை சேரும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்துக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். மரம் அந்த வளையத்திலிருந்துதான் காயத்தை மூடும். தார், பெயின்ற் எதுவும் பூசாதீர்கள்.

அதே மார்ச்சில் சர்க்கரை மேப்பிள் வைத்திருப்பவர்கள் மரத்தில் வடியும் இனிப்பு நீரைக் காய்ச்சிப் பாணி (சிரப்) இறக்குவார்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாள்களில் நீர் ஓடும். 40 லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. உங்களிடம் அந்த மரம் இல்லை, ஆசைப்பட வேண்டாம்.

வசந்தத்தில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இப்போது விழும் நோர்வே விதைகள் அப்போது பாத்தி, கூரைத் தண்ணீர்ப் பீலி, கொங்கிறீட் வெடிப்பு என்று எங்கும் முளைத்து நிற்கும். இரண்டிலையாக இருக்கும்போது ஈரமண்ணில் பிடுங்கினால் நோகாமல் வரும். அடுத்த வருடம் என்று விட்டால் மண்வெட்டி வேண்டும். அணில் நறுக்கிப்போட்ட நுனிக்கொப்புகள் ஏப்ரல், மே மாதங்களில் நிலமெல்லாம் கிடக்கும். அதை நோய் என்று நினைக்காதீர்கள்.

கோடையில் கன்றுக்கு, முதல் மூன்று வருடமும், கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் ஆழமாகத் தண்ணீர். ஜூலை வெக்கையில் இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் பெரும்பாலும் நீர் போதாமைதான். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளடித்தால் விஷயம் வேறு. இந்தப் பக்கத்துக் களிமண் காரத்தன்மை கொண்டது. சிவப்பு மேப்பிள் இரத்தம் உள்ள மரங்களுக்கு அந்த மண்ணிலிருந்து மாங்கனீசையும் இரும்பையும் எடுக்கக் கடினம். அப்போது ஏதோ ஒரு உரத்தை அள்ளிப்போடாமல் மண்ணைப் பரிசோதித்துவிட்டுச் செய்யுங்கள். புல்வெட்டும் நைலோன் நூல் மிசினை அடிமரத்துக்கு அண்டவே விடாதீர்கள். கன்றின் பட்டையை அது ஒரே சுற்றில் சீவிவிடும்.

கன்றை மரக்கறிப் பாத்தியில் நட்டது எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. வெர்ட்டிசீலியம் என்ற வாடல் பூஞ்சை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அதற்கு விருப்பமான உணவு, மேப்பிளும் அப்படியே. முன்பு இருந்தவர்கள் கத்தரியும் தக்காளியும் மாறிமாறிப் போட்டிருந்தால் மண்ணில் அது இருக்கக்கூடும். இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆகவே கன்றை இப்போது பிடுங்க வேண்டாம். அடுத்த கோடையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தும் ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடினால், அதை வெட்டிப் பட்டையைச் சீவிப் பாருங்கள். உள்ளே ஒலிவ் பச்சையில் கோடு ஓடியிருந்தால் அதுதான். மருந்து கிடையாது. பட்ட கிளையை நீக்கி, தண்ணீர் விட்டு, மரம் தானாக மீள்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. அந்த மண்ணில் மறுபடி மேப்பிள் வைக்கக் கூடாது. இனி உங்கள் கத்தரிப் பாத்தியை வளவின் மறுபக்கம் போடுங்கள்.

பூச்சிகளில் ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: ஆசிய நீள்கொம்பு வண்டு. மினுங்கும் கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், உடலைவிட நீண்ட, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கொம்புகள். மேப்பிள்தான் அதற்கு முதல் தேர்வு. மரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். 2003இல் பக்கத்து வோன் நகரமும் ரொறன்ரோவும் சந்திக்கும் எல்லையில் கண்டார்கள், ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டி ஒழித்தார்கள். 2013இல் மிசிசாகா பக்கம் மறுபடி வந்தது, அதுவும் ஒழிந்தது என்று 2020இல் அறிவித்தார்கள். பார்த்தால் படம் எடுத்துக் கனடிய உணவு ஆய்வு முகமைக்குச் சொல்ல வேண்டும். கறுப்பு உடலில் இறக்கைகள் தொடங்கும் இடத்தில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பைன் மரங்களில் வாழும் உள்ளூர் வண்டு, அதை விட்டுவிடலாம்.

இனித் தறிப்பது. முதலில் அந்த முன்வாசல் மரம் உங்களுடையதா என்று பாருங்கள். ஸ்காபரோவில் றோட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் நிற்பது பல வீடுகளில் நகரசபை நிலம். வீட்டு அளவைப் படத்தில் எல்லைக் கோடு தெரியும். நகரத்தின் மரம் என்றால் கொப்புக்கூட நீங்கள் வெட்ட முடியாது, நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அவர்களே வந்து பார்ப்பார்கள். உங்களுடையது என்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ரொறன்ரோவில் அனுமதி வேண்டும். அளவுநாடாவைச் சுற்றிப் பிடியுங்கள், 94 செ.மீ. தாண்டினால் உங்கள் மரம் அந்தக் கணக்கில் வரும். பக்கத்து மார்க்கம் நகரத்தில் சட்டம் இன்னும் இறுக்கம், அங்கே 20 செ.மீ. விட்டம்.

என் அபிப்பிராயம்: புல்லுக்காகவும் பொட்டுக்காகவும் அதைத் தறிக்காதீர்கள். பெரிய நோர்வே ஒன்று மேற்கு வெயிலை மறைத்துத் தருகிற குளிர்ச்சியை எந்தக் கன்றும் உங்கள் பிள்ளைகள் வளரும்வரைக்கும் தராது. அடிமரத்தில் பொந்து, வேர்ப்பக்கம் காளான், ஒரு பக்கம் சாய்வு, பெரிய காய்ந்த கொப்பு, இதில் ஏதாவது இருந்தால் சான்றிதழ் உள்ள ஆர்பரிஸ்ட் (மர வைத்தியர்) ஒருவரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். உச்சியை மொட்டையடித்துக் குட்டையாக்கித் தருகிறேன் என்று கதவைத் தட்டுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். மொட்டையடித்த மேப்பிள் உக்கத் தொடங்கும், மேலே கிளம்பும் கொப்புகளுக்கும் பிடிமானம் இருக்காது. மரம் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று அறிக்கை வந்தால், அதே இடத்தில் இன்னொரு நோர்வே வேண்டாம். நகரசபை நிலம் என்றால் கேட்டால் இலவசமாகவே தெருமரம் நட்டுத் தருவார்கள். பின்வளவுக்கு ‘லீஃப்’ என்ற அமைப்பு குறைந்த விலையில் உள்ளூர் மரங்களை நட்டுக் கொடுக்கிறது. அவர்களிடம் கேட்கும்போது, பாத்தியில் முன்பு கத்தரி இருந்ததையும் சொல்லிவிடுங்கள்.